எல்லையைத் தண்ணீரால் போடுங்கள்: காவிரிப் படுகையில் ஓர் உயிரினக் கூட்டாட்சி

நீங்கள் கேட்டது இது: மனிதர்கள் போய்விட்ட ஒரு காலத்தில் காவிரிப் படுகையின் உயிரினங்கள் ஒன்று சேர்ந்து, கடலோரம் வரை ஓர் எல்லைப்புறக் கூட்டாட்சி நடத்துவதாகக் கதை எழுதுகிறீர்கள். நீர்நாய் நாடு, முதலை நாடு, நாரை நாடு, நண்டு நாடு என்று இனத்துக்கு ஒன்றாகப் பிரித்து வரைபடமும் போட்டாகிவிட்டது. இனி ஒவ்வொரு நாட்டுக்கும் என்ன பண்பாடு, என்ன வழக்கம், என்ன சண்டை கொடுப்பது?

முதலில் அந்த வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிடுங்கள். குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாசன வேலையில் தலைப்பு மதகிலிருந்து கடைமடை வாய்க்கால் வரை கரையோடு கரையாக நடந்தவன் நான். இங்கே இனத்துக்கு ஒரு நாடு என்று கோடு போட்டால் அது ஒரு மழைக்கும் நிற்காது. ஒரே வரப்பில் இந்தப் பக்கம் நண்டு வளை, அந்தப் பக்கம் எலி வளை, மேலே கொக்கு, கொக்கின் கண் படாத இடத்தில் தவளை. நான்கும் நான்கு நாட்டுக் குடிகள் என்றால் அந்த வரப்பு யாருடையது? படுகையில் எல்லை போடுவது தண்ணீர்தான். எந்தத் தண்ணீர் வருகிறது, எந்த மாதம் வருகிறது, எத்தனை நாள் நிற்கிறது, எவ்வளவு உப்புக் கரிக்கிறது: இவைதான் நாடுகளைப் பிரிக்கின்றன. பண்பாடும் அங்கிருந்துதான் முளைக்கிறது.

சோழர்கள் இதைத் தெரிந்து வைத்திருந்தார்கள். முதலாம் ராசராசன் சிறு நாடுகளைச் சேர்த்து வளநாடுகளாக வகுத்தபோது ஆறுகளையே எல்லையாக வைத்தான். அரிசிலாற்றுக்கும் காவிரிக்கும் நடுவே கிடந்த மண் உய்யக்கொண்டார் வளநாடு. இன்று நாம் அரசலாறு என்று சொல்லும் அதே ஆறு. உங்கள் கூட்டாட்சிக்கும் இந்த வழியை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊர்ப் பெயர்களை நீங்கள் புதிதாக உண்டாக்க வேண்டியதே இல்லை. திருச்சியிலிருந்து கிழக்கே வந்தால் உயிரினங்கள் தங்கள் பெயரை ஏற்கெனவே எழுதி வைத்திருக்கின்றன. எறும்புகள் வழிபட்ட திருவெறும்பூர், யானையும் சிலந்தியும் போட்டியிட்ட திருவானைக்கா, குரங்காடுதுறை, பசு வடிவில் அம்மை வந்த ஆவடுதுறை, மயிலாடுதுறை, நண்டு வழிபட்ட திருந்துதேவன்குடி, கரிக்குருவியின் வலிவலம், சடாயு என்னும் புள் இருந்த புள்ளிருக்குவேளூர். முசிறிப் பக்கம் ஈங்கோய்மலையில் ஈக்குக்கூட இடம் உண்டு. உலகத்தில் வேறெங்கே ஈக்கும் எறும்புக்கும் தலபுராணம் எழுதி வைத்திருக்கிறார்கள்? இந்தப் பெயர்களை விட்டுவிட்டு வேறு மொழி வாடை அடிக்கும் பெயர்களை வைத்தீர்களானால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

மேற்கு முனையிலிருந்து தொடங்குவோம். முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. நடுவே ஸ்ரீரங்கம் தீவு. கல்லணையில் மறுபடியும் பிரிவு: காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், மிஞ்சியதைச் சுமக்கக் கொள்ளிடம். இந்தத் தலைப்பு நாட்டில் இருப்பவர்கள் தண்ணீருக்காகக் காத்திருந்து பழக்கப்படாதவர்கள். முதலில் நனைவது அவர்கள் கால். ஆகவே பேச்சில் ஒரு பெரிய வீட்டுத் தோரணை இருக்கும். கெட்டவர்கள் அல்லர், வறட்சி என்பது அவர்களுக்குச் செய்தி மட்டுமே. கூட்டாட்சியின் மிகப் பழைய பகையையும் இங்கேயே வையுங்கள். ஆனைக்காவில் நாவல் மரத்தடியில் இருந்த லிங்கத்துக்கு யானை துதிக்கையில் நீர் கொண்டுவந்து ஊற்றியது. இலைச் சருகு விழாமல் சிலந்தி மேலே வலை பின்னியது. யானை அதை அழுக்கென்று நினைத்துப் பிய்த்துப் போட்டது. இரண்டுமே பக்திதான், இரண்டும் மடிந்தன. சிலந்தி மறுபிறப்பில் கோச்செங்கட் சோழனாகி, யானை ஏற முடியாத மாடக்கோயில்களாகக் கட்டினான் என்பது புராணம். இதிலிருந்து உங்களுக்கு ஒரு கட்டடக்கலையே கிடைக்கிறது: தலைப்பு நாட்டின் பேரவை மண்டபம் உயரத்தில் இருக்கும், படிகள் குறுகலாக இருக்கும், யானைகள் வெளியே முற்றத்தில் நின்றுதான் கருத்துச் சொல்லும். ஏன் இன்னும் அப்படி என்று இளைய யானை ஒன்று கேட்கட்டும்.

கொள்ளிடம் வேறு குணம். அது பாசன ஆறு என்பதைவிட வெள்ளம் வடியும் ஆறு. 1836 வாக்கில் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையும் அணைக்கரையில் கீழணையும் கட்டினார். மேலணைக்குக் காரணமே, கொள்ளிடம் ஆழமாகிக் காவிரித் தண்ணீரை எல்லாம் இழுத்துக்கொண்டு போனதுதான். ஆண்டில் பெரும்பகுதி வெறும் மணல், நடுவில் ஆங்காங்கே மடு. அணைக்கரை மடுக்களில் முதலைகள் இருக்கின்றன. கரையைக் குடைந்து நீண்ட வளை அமைத்து அதற்குள் கோடையைக் கழிக்கும். ஆற்றின் நடுவே உள்ள திட்டுகளில் வாழ்பவர்களுக்கு இரண்டு வீடு உண்டு, ஒன்று திட்டில், ஒன்று கரையில். தண்ணீர் நிறம் மாறியதும் மூட்டை கட்டிவிடுவார்கள். கொள்ளிடக் குடிகள் குறைவாகப் பேசுவார்கள், எதையும் நிரந்தரம் என்று நம்பமாட்டார்கள், தானியத்தைவிடச் செய்தியைச் சேர்த்து வைப்பார்கள். முதலையை வில்லனாக வைக்காதீர்கள். மாதக்கணக்கில் அசையாமல் பொறுத்திருக்கும் உயிர் அது. வெள்ளக் கணக்கு எழுதும் பொறுப்பை அதற்குக் கொடுத்தால் பொருத்தமாக இருக்கும்.

இனி வயல் நாடு. கதையின் பாதியை இங்கே செலவிடுங்கள் என்பேன். குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, வெண்ணாறு, அவற்றின் கிளைகள், கிளைகளின் கிளைகள் என்று கை ரேகை போலப் பிரியும் இந்த மண்ணுக்கு இரண்டு தண்ணீர் உண்டு. ஆனியிலிருந்து வருவது குடகுப் பக்கத்துத் தென்மேற்கு மழை. யாருக்கோ பெய்து ஆற்றில் நமக்கு வருவது. ஐப்பசியில் வருவது நம் தலையிலேயே பெய்யும் வடகிழக்கு மழை. மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட பிறகு, ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 அடைப்பு என்பது படுகையின் நாட்காட்டியாகவே ஆகிவிட்டது. குறுவை, சம்பா, தாளடி எல்லாம் அந்தக் கணக்கில்தான். உங்கள் உயிரினங்களுக்கும் இரண்டு புத்தாண்டு வையுங்கள்: வந்த தண்ணீருக்கு ஒன்று, பெய்த தண்ணீருக்கு ஒன்று. எந்தப் புத்தாண்டைப் பெரிதாகக் கொண்டாடுகிறது என்பதிலிருந்தே ஓர் உயிர் எந்தப் பக்கத்துக் குடி என்று தெரிந்துவிடும்.

இந்த நாட்டின் அரசியலைப் புரிந்துகொள்ள ஒரு நண்டைப் பாருங்கள். மழைக்கால இரவில் டார்ச் விளக்கோடு கரை பார்க்கப் போனபோது, வரப்பின் ஓரத்தில் ஒரு தாய் நண்டு வளை வாசலில் நின்றது. வயிற்று மடல் சற்றே விலகியிருந்தது. உள்ளே கடுகை அள்ளிக் கொட்டியதுபோல் குஞ்சுகள், ஒவ்வொன்றும் முழு நண்டு, அத்தனை சிறிய கால்களோடு அசைந்துகொண்டிருந்தன. கடல் நண்டு முட்டை பொரிந்ததுமே நுண்ணிய குஞ்சுகளைத் தண்ணீரில் விட்டுவிடும். வயல் நண்டு குஞ்சு பொரித்த பிறகும் சுமக்கும். அந்த வளை அவ்வளவு அருமையான வீடு. ஆனால் அதே வளை வழியாகத்தான் தண்ணீர் கசிந்து, கசிவு ஓட்டையாகி, ஓட்டை உடைப்பாகி, விடிவதற்குள் மேல்வயல் தண்ணீர் முழுக்கக் கீழ்வயலில் நிற்கும். அன்று நான் அந்த வளையை மண்வைத்து அடைக்க வேண்டியிருந்தது. அடைத்தேன். நண்டை எடுத்து வாய்க்கால் மேட்டில் விட்டேன். இன்றுவரை அது எனக்கு மனதில் நிற்கிறது. ஒருவர் வீடு கட்டுவதே இன்னொருவர் வீடு இடிவதாகிற இந்தச் சிக்கல்தான் வயல் நாட்டின் நிரந்தர வழக்கு. நண்டும் எலியும் தோண்டும் குடிகள். தவளையும் மீனும் நின்ற நீரில் வாழும் குடிகள். இரண்டு தரப்பும் நியாயம் பேசும்.

எலியைத் திருடனாக்கும் எளிய வழிக்கும் போகாதீர்கள். கதிரை அறுத்து வளைக்குள் கட்டுக் கட்டாகச் சேர்க்கும் உயிர் அது. பஞ்ச காலத்தில் எலி வளையைத் தோண்டி அந்த நெல்லில் உலை வைத்த குடும்பங்கள் இந்தப் படுகையில் உண்டு. கூட்டாட்சியின் சேமிப்புக் கிடங்குகள் எலிகளின் பொறுப்பில் இருந்தால், பஞ்சம் வரும் அத்தியாயத்தில் அவர்களுடைய மதிப்பு தானாக உயரும்.

விராலுக்கு ஒரு தனி இடம் கொடுங்கள். குட்டையின் மேல்மட்டத்தில் செந்நிறத்தில் ஒரு பந்து புரண்டுகொண்டு போகும். அருகே போய்ப் பார்த்தால் நூற்றுக்கணக்கான விரால் குஞ்சுகள். கீழே தாயும் தகப்பனும் காவல். தண்ணீர் வற்றினால் சேற்றுக்குள் இறங்கிக் காற்றைச் சுவாசித்துக் காத்திருக்கும். உம்பளச்சேரி என்னும் உள்ளூர் மாட்டினத்தில் கன்று பிறக்கும்போது செவலை நிறம். மாதங்கள் போகப் போகச் சாம்பலாக மாறும், நெற்றியிலும் கால்களிலும் வெள்ளை தங்கிவிடும். சேற்று உழவுக்கென்றே ஆன மாடு அது. நிறம் மாறும் நாளை அந்த மாடுகள் ஒரு சடங்காகக் கொண்டாடும் என்று எழுதுங்கள். பண்பாட்டை வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்ட வேண்டாம், உடம்பே கொடுக்கும் என்று நான் சொல்வது இதைத்தான்.

அறுவடைக்குப் பின் வயல் நாட்டின் மக்கள்தொகை மாறுகிறது. ராமநாதபுரம் சீமையிலிருந்து ஆட்டு மேய்ப்பர்களான கீதாரிகள் ஓட்டிவரும் ஆடுகள் கிடை போட வருகின்றன. வாத்துக் கூட்டங்கள் சிந்திய நெல்லையும் நத்தையையும் தேடி ஊர் ஊராக நகர்கின்றன. நிலமில்லாத இந்த வழிப்போக்கர்கள் எருவைக் கொடுத்துத் தீவனத்தை எடுத்துக்கொள்கிறார்கள். கூட்டாட்சியில் இவர்களுக்கு வாக்கு உண்டா என்ற கேள்வியை நீங்கள் எழுப்பியே ஆக வேண்டும், ஏனென்றால் அதே கேள்வி ஏரி நாட்டில் இன்னும் பெரிதாக வருகிறது.

மன்னார்குடிக்கு அருகே வடுவூர் ஏரி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் உதயமார்த்தாண்டபுரம், வடக்கே அரியலூர்ப் பக்கம் கரைவெட்டி. முதல் இரண்டும் 2022-இலும் கரைவெட்டி 2024-இலும் ராம்சார் என்னும் உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. ஐப்பசி மழைக்குப் பின் இங்கே வந்து இறங்கும் பறவைகளில் பல, இமயத்துக்கு அப்பால் பிறந்தவை. கோடையில் ஏரி வற்றி மாடு மேயும் தரையாகிவிடும். ஆண்டில் நாலைந்து மாதம் மட்டும் இருக்கும் நாடு என்பது எவ்வளவு நல்ல கற்பனைப் பொருள் என்று யோசியுங்கள்! அதன் சட்டமன்றம் கார்த்திகையில் கூடி மாசியில் கலையும். மீதி நாளில் மைனாவும் உடும்பும் பொறுப்பு ஆட்சி நடத்தும். நத்தைகுத்தி நாரைக்கு அலகு மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். குஞ்சுக்கு அது கிடையாது, வளர வளரத்தான் விழும். பருவம் வந்ததற்கு இதைவிட வேறென்ன அடையாளம் வேண்டும்?

தூதுக்கு ஆள் தேட வேண்டாம். கும்பகோணத்துக்குப் பக்கத்துச் சத்திமுத்தத்துப் புலவர் ஒருவர், வறுமையில் குளிரில் மதுரையில் கிடந்தபோது, வடக்கே திரும்பும் செங்கால் நாரையிடம்தான் தன் மனைவிக்குச் செய்தி சொல்லி அனுப்பினார். பவளக் கூர்வாய் என்று அதன் அலகுக்கு அவர் சொன்ன உவமை, பனங்கிழங்கைப் பிளந்தது போல என்பது. பனங்கிழங்கைப் பிளந்து பார்த்த கைக்குத்தான் அந்த உவமை வரும். நாரைகள் கூட்டாட்சியின் தூதர்கள் என்பது நமக்குப் புதிதல்ல.

இனி எல்லைப்புறம், உப்பு நாடு. நீங்கள் எல்லை என்று வரைந்தது ஒரு கோடு. உண்மையில் அது நகர்ந்துகொண்டே இருக்கும். ஆற்றில் தண்ணீர் வலுவாக வந்தால் உப்பு கடலை நோக்கித் தள்ளப்படும். மேட்டூர் திறப்பு தள்ளிப்போனால் உப்பு வாய்க்கால் வழியே உள்ளே ஏறும். கல் நட முடியாத எல்லை இது. எல்லைக் காவலர்களுக்கு ஒரே ஒரு கருவி போதும், நாக்கு. கடல்நீர் ஏறி இறங்கும் ஒவ்வொரு ஓதத்துக்கும் தண்ணீரைச் சுவைத்து, இன்று நாடு எதுவரை என்று அறிவிப்பார்கள். அந்த வேலைக்குக் கொடுவாவை வையுங்கள். முட்டையிடக் கடலோரத்துக்குப் போய், குஞ்சுப் பருவத்தில் உள்நீருக்கு வரும் மீன் அது. விலாங்கும் ஆற்றில் வளர்ந்து கடலுக்குப் போய் முட்டையிடும். இரண்டு குடியுரிமையும் உள்ளவர்கள் இவர்கள், ஆகவே இரண்டு பக்கமும் சந்தேகப்படும்.

கோரையாறும் பாமணியாறும் கலக்கும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில், வெண்கண்டல் மரங்கள் சேற்றிலிருந்து விரல் விரலாக மூச்சு வேர்களை நீட்டியிருக்கும். இலையின் அடிப்பக்கத்தைத் தொட்டு நாக்கில் வைத்தால் உப்புத் தெரியும். வேண்டாத உப்பை இலை வழியாக வெளியேற்றுகிறது மரம். சேற்றில் தாவித் திரியும் மீன்கள் செவுளில் தண்ணீரைத் தேக்கி எடுத்துக்கொண்டு கரையேறுகின்றன. ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெரிதாக வளர்ந்த ஆண் நண்டுகள் ஓதம் வற்றியதும் வளை வாசலில் நின்று அதை ஆட்டி அழைக்கின்றன. இங்கே நாளை மணியால் எண்ணமாட்டார்கள், ஓதத்தால் எண்ணுவார்கள். மரியாதையின் உச்சம், வந்தவருக்கு ஒரு வாய் நல்ல தண்ணீர் கொடுப்பது.

கோடியக்கரைக் காட்டில் வெளிமான்கள் இருக்கின்றன, 1967-இல் அவற்றுக்காகவே அது சரணாலயமானது. யாருடையவையோ ஆக இருந்து விடப்பட்டு, தலைமுறைகளாக யாருக்கும் சொந்தமில்லாமல் திரியும் குதிரைகளும் இருக்கின்றன. எல்லைப்புறக் கதைக்கு அந்தக் குதிரைகளைவிட நல்ல குடி கிடைக்காது: வந்தேறிகள், ஆனால் போக வேறு ஊர் இல்லாதவர்கள். வேதாரண்யம் சதுப்பில் பூநாரைகள் தலைகீழாக அலகை நுழைத்துச் சேற்றுநீரை வடிகட்டித் தின்னும். அவற்றின் செந்நிறம் உண்ணும் இரையிலிருந்து வருவது. அதாவது அந்த மண் ஊட்டியதை அவை உடம்பில் உடுத்தியிருக்கின்றன. பழங்காலத்து உப்பு வணிகரான உமணர் நெல்லுக்கு உப்பை மாற்றியதுபோல, உப்பு நாட்டுக்கும் வயல் நாட்டுக்கும் பண்டமாற்று நடக்கட்டும். 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய மண் இது. உப்புக்கு வரி போட்டால் என்ன ஆகும் என்பது உங்கள் கூட்டாட்சிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த நாட்டுக்கு நினைவுநாட்கள் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை. 2018 நவம்பர் 16 கஜா புயல், வேதாரண்யத்தை ஒட்டிக் கரை கடந்தது. காடு மொட்டையானது, மான்கள் மடிந்தன. அதற்குப் பின் நான் போனபோது நிழல் என்பதே இல்லாமல், நின்ற இரண்டு மான்கள் ஓடக்கூட இல்லை. இந்தப் பகுதியைக் கேளிக்கைக்காக எழுதாதீர்கள்.

கடலுக்குள் அதிகம் போக வேண்டாம். கரையைப் பற்றி ஒன்று மட்டும். தரங்கம்பாடியில் 1620-இல் டேனியர், நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர், காரைக்காலில் பிரெஞ்சுக்காரர் என்று இந்தக் கரையில் அயலார்க்குத் துண்டு துண்டாக இடம் விட்ட வரலாறு உண்டு. முட்டையிட மணலுக்கு ஏறிவரும் பங்குனி ஆமைக்கு அப்படி ஒரு குத்தகை கொடுங்கள்: தையிலிருந்து பங்குனி வரை, இரவில் மட்டும், மணல் அவர்களுடையது. நரிகள் அந்த உடன்படிக்கையை மீறுவதுதான் எல்லைப்புறத்தின் ஓயாத தகராறு.

இத்தனை வேறுபட்டவர்களைச் சேர்த்து வைத்திருப்பது என்ன என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டு ஏற்பாடுகள். ஒன்று முறை. தண்ணீர் குறைந்தால் சில நாள் காவிரிக்கு, சில நாள் வெண்ணாற்றுக்கு என்று மாற்றி விடுவது. மற்றது குடிமராமத்து. ஊர் கூடித் தூர் வாருவது, கரை கட்டுவது. வரி பணமாக இல்லை, உழைப்பாக. கல்லணையை, போய்விட்ட மனிதர்கள் விட்டுச் சென்ற பாழாகக் காட்டாதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் யாரோ கை வைத்தால்தான் அது அணையாக நிற்கும். யானை கல் தூக்க, நீர்நாய் மதகின் அடியில் நுழைந்து அடைப்பு எடுக்க, நண்டு அந்த ஒரு மாதம் மட்டும் தோண்டாமல் இருப்பதே தன் பங்கு என்று சத்தியம் செய்ய, அங்கே எழுதுவதற்கு நிறைய இருக்கிறது.

கதையை எங்கே தொடங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கடைமடையில் தொடங்குங்கள், புதுத்தண்ணீர் வரும் நாளில். மேட்டூரிலிருந்து கல்லணைக்கே மூன்று நான்கு நாள். கடைமடைக்கு இன்னும் எத்தனையோ நாள். வாய்க்கால் தரை வெடித்துக் கிடக்கும். முதலில் வருவது தண்ணீராகவே தெரியாது. சருகும் நுரையும் கலந்த ஒரு பழுப்பு விளிம்பு, நடக்கும் குழந்தையின் வேகத்தில் ஊர்ந்து வரும். வெடிப்புக்குள் இறங்கும்போது கொப்புளம் விடும். உள்ளேயிருந்து பூரானும் பிள்ளைப்பூச்சியும் எறும்பும் பதறி மேலேறும். அவற்றைக் கொத்தியபடி கொக்குகளும் மைனாக்களும் விளிம்புக்கு முன்னால் ஓர் அடி தள்ளி, ஊர்வலம் போகிற மாதிரி நடந்து வரும். அன்று இரவே தவளைச் சத்தம் எழும். அதுவரை அவை எங்கே இருந்தன என்று ஒவ்வோர் ஆண்டும் நான் வியந்திருக்கிறேன்.

தலைநகரைத் திருவாரூரில் வையுங்கள். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்று பழைய நில அளவையில் சொல்லப்படும் ஊர். எல்லோருக்கும் இடம் இருக்கும். கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை இழுத்து, மனுநீதிச் சோழன் தன் மகன் மேலேயே தேரை ஏற்றிய ஊரும் அதுதான். அந்த மணிக்கயிறு பசுவின் வாய்க்கு எட்டும் உயரத்தில் இருந்திருக்கிறது. நண்டுக்கு எட்டாது, விராலுக்கு எட்டாது, நத்தைக்கு எட்டாது. கயிற்றைக் கீழே இறக்கி, கமலாலயக் குளத்துத் தண்ணீருக்குள் ஒரு முழம் தொங்கவிட வேண்டும் என்று ஒரு வயல் நண்டு மனுக் கொடுக்கிறது. அந்த மனுவின் மேல் நடக்கும் விவாதத்தில் உங்கள் கூட்டாட்சியின் எல்லா நாடுகளும் அவரவர் பேச்சோடு வந்து நிற்கும்.